சிற்றாற்றின் கரையோடு ஒரு பகல்

குற்றாலத்துக்குச் செல்வோரில் பெரும்பாலோர் பேரருவியின் அடியில் தலையைக் கொடுத்து ஆசை தீர நீராடிவிட்டு, ஈர வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அந்த நீர் எங்கிருந்து வருகிறது, ஏன் ஆனித் திங்களில் வருகிறது, இன்று நூலிழைபோல வடிவது நாளை ஏன் பாறையையே மறைத்துக்கொண்டு விழுகிறது என்று வினவுவோர் சிலரே. இவ்வினாக்களுக்குரிய விடை அருவியின் அடியில் இல்லை. அதற்கு மேலே, சிற்றாற்றின் கரையோடு செல்லும் காட்டு வழியில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, உரிய அனுமதி பெற்று, கல்லூரி மாணவர் பதினொருவருடன் அவ்வழியே ஒரு பகல் நடந்தேன். மலையடி ஊர் ஒன்றைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார். அந்நடையில் கண்டவற்றையும் அவற்றின் காரணங்களையும் மாணவ நண்பர்களுக்கு இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் காற்றைப் பற்றிக் கூறவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மோதிய காற்று மேலே எழுகிறது, எழுந்தால் குளிர்கிறது, குளிர்ந்தால் தான் சுமந்த ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகிறது. அம்மழையில் பெரும்பகுதி கேரளத்துக்கே உரியதாகிவிடுகிறது. மலையைக் கடந்து நம் பக்கம் இறங்கும் காற்றோ வெம்மையும் வறட்சியும் உடையது. ஆனி, ஆடித் திங்களில் திருநெல்வேலிச் சீமையின் சமவெளியில் புழுதியை வாரி இறைப்பது அந்தக் காற்றுதான். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாய் என்னும் வாயில் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. அவ்வாயிலின் வழியே மேகங்கள் நுழைந்து, முற்றும் வற்றிப்போகாமல், தென்காசி வரையில் மென்துளிகளைத் தூவிச் செல்கின்றன. இதுவே சாரல். சாரல் உடலுக்கு இனியது. ஆயினும் அருவியை நிரப்புவது சாரலன்று. திரிகூடமலையின் உச்சியை ஒட்டிய காடுகளில், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில், பெய்யும் கனமழையே அருவியை நிரப்புகிறது. இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். சிற்றருவியைத் தாண்டும் வரையில் எங்களுக்குத் துணை குரங்குகளே. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் இம்மலைக் குரங்குகளின் இல்லறத்தை மாணவர்கள் பாடமாகப் படித்திருப்பார்கள். நாங்கள் நேரில் கண்ட குரங்குகளுக்கு இல்லறத்தைவிட எங்கள் சோற்று மூட்டையின்மீதே நாட்டம் மிகுதியாக இருந்தது.

சிற்றருவிக்கு மேலே ஆரவாரம் அடங்கிவிடுகிறது. இடப்புறமோ வலப்புறமோ எப்பொழுதும் ஆற்றின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். சில இடங்களில் வழி நீரை ஒட்டி இறங்கும், சில இடங்களில் வேர்களைப் பற்றி ஏறவேண்டியிருக்கும். ஆற்றின் படுகையைக் கூர்ந்து பார்த்தால் அது மணல் படுகை அன்று, பாறைப் படுகை என்பது தெரியும். இப்பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியவை. இத்துணை உறுதியான கல்லை நீர் எவ்வாறு அறுக்கிறது? தூய நீர் தனியே அறுப்பதில்லை. பாறையில் இயல்பாகவே வெடிப்புகள் உள்ளன. நீர் அவற்றில் புகுந்து, கற்கட்டிகளை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறது. பெயர்ந்த கற்களும் மணலும் பிறகு நீரின் கையில் உளியாகவும் அரமாகவும் ஆகின்றன. வெடிப்புகள் செங்குத்தாக அமைந்த இடத்தில் கட்டிகள் சரிந்து சுவர்போன்ற முகம் தோன்றுகிறது. அங்கே ஆறு அருவியாகிறது.

வழியில் ஒரு பாறையில் குடம்போலக் குடைந்த குழி ஒன்றைக் கண்டோம். உள்ளே கையை விட்டுப் பார்த்த மாணவர் முட்டைபோல் வழவழப்பான நான்கு கற்களை எடுத்தார். சுழலும் வெள்ளத்தில் அக்கற்கள் ஆட்டுக்கல்லின் குழவிபோலச் சுற்றிச் சுற்றி அக்குழியைக் குடைந்திருக்கின்றன; குடையும்பொழுது தாமும் தேய்ந்திருக்கின்றன. பேரருவியின் நடுவே பொங்குமாகடல் என்று பெயர் பெற்ற பள்ளம் இருக்கிறதல்லவா? ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் அருவி நேரே தரையில் விழாமல், இடையில் அப்பள்ளத்தில் விழுந்து பொங்கி வழிகிறது. அதனால் வேகம் தணிகிறது. அப்பள்ளம் இல்லையேல் பேரருவியின் கீழே மனிதர் தலையைக் கொடுத்து நிற்பது இயலாத செயலாகியிருக்கும்.

நீரில் வாழும் உயிர்களிலும் இந்த வேகத்தின் முத்திரை உண்டு. ஓடையின் ஓரத்தில் விரல் நீளமுள்ள சிறு மீன்கள் பாறையோடு ஒட்டிக் கிடந்தன. அவற்றின் வாய்க்கு அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் வட்டு ஒன்று அமைந்திருக்கிறது. அதனால் பாறையைப் பற்றிக்கொண்டு, அதன்மேல் படிந்த பாசியை மேய்ந்து வாழ்கின்றன. அட்டைகளும் பற்றும் தொழிலில் வல்லவை. ஆனால் அவை பற்றியது எங்கள் கால்களை.

செண்பக மரங்கள் சூழ்ந்தமையால் பெயர் பெற்ற செண்பகாதேவி அருவியை அடைந்தபொழுது மணி ஒன்பதைக் கடந்துவிட்டது. அருகே அம்மன் கோயில். எதிரே பாறைச் சுவர்களுக்கு இடையே விழும் வெள்ளிய நீர். அதன் அடியில் கரிய தடாகம். தடாகத்தின் அமைதி மேற்பரப்பில் மட்டுமே இருக்கிறது. அருவி விழும் இடத்தில் நீர் கீழ்நோக்கிச் சென்று மீண்டும் சுழன்று வருவதால், நீந்தத் தெரிந்தவனையும் அது உள்ளே இழுத்துவிடும். எனவே அங்கே எவரையும் இறங்க விடவில்லை.

தேனருவியை நோக்கி மேலும் நடந்தோம். நண்பகலில் ஆற்றின் நடுவே அகன்ற பாறை ஒன்றைக் கண்டு, அதில் அமர்ந்து புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தோம். வானம் தெளிவாக இருந்தது. எங்கள்மேல் ஒரு துளிகூட விழவில்லை. பெரியவர் மட்டும் உண்ணாமல் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து, "ஏறுங்க தம்பி, எல்லாரும் கரைக்கு ஏறுங்க. தண்ணி நிறம் மாறிட்டு" என்றார். நாங்கள் பார்த்தோம். பளிங்குபோல் இருந்த நீர் சிறிது தேநீர் கலந்ததுபோல் தோன்றியது, அவ்வளவே. அழுகிய இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. ஒரு மாணவர், "உண்டு முடித்துவிட்டு வருகிறோம், ஐயா" என்றார். பெரியவர் மறுமொழி கூறாமல் அவருடைய கையைப் பற்றி இழுத்துக்கொண்டு கரையேறினார். மற்றவர்களும் பொட்டலங்களை அப்படியே விட்டுப் பின்தொடர்ந்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓசை மாறியது, சலசலப்பு என்பது போய் அடித்தொண்டையிலிருந்து வரும் உறுமல்போல் ஆயிற்று. அது நீரின் ஓசை மட்டுமன்று. அடியில் கற்கள் உருண்டு மோதும் ஓசை. நாங்கள் அமர்ந்திருந்த பாறை எங்கள் கண்ணெதிரே மறைந்தது.

மழையே இல்லாத இடத்தில் வெள்ளம் வந்தது எப்படி? கணக்கு எளியது. ஒரு சதுரக் கிலோமீட்டர் மலைச்சரிவில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 1 கோடி லிட்டர் நீர். காட்டு மண் பஞ்சுபோல் அதில் ஒரு பகுதியை உறிஞ்சி வைத்துப் பின்னர் மெல்ல விடுகிறது. மழை ஓய்ந்த பிறகும் அருவி பல நாள் விழுவது அதனாலேதான். ஆனால் பஞ்சு நிறைந்துவிட்டாலோ, மழை மிகக் கடுமையாக இருந்தாலோ, மிகுதி நீர் சரிவுகளில் வழிந்து ஓடுகிறது. விசிறியின் குச்சிகள் ஒரு பிடியில் சேர்வதுபோல, எண்ணற்ற ஓடைகளின் நீர் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே ஆற்றில் வந்து சேர்கிறது. உச்சியில் பெய்த மழை கீழே இருப்பவருக்குத் தெரிவதில்லை.

வெள்ளத்தின் ஆழத்தைவிட வேகமே அஞ்சத்தக்கது. நீரின் வேகம் இரு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அது உருட்டக்கூடிய கல்லின் எடையோ 64 மடங்கு வரை பெருகுகிறது. ஆகவேதான் முழங்கால் அளவு நீர், நேற்றுக் குழந்தை விளையாடிய நீர், இன்று வளர்ந்த ஆளையும் சாய்த்துவிடுகிறது. 2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், பழைய குற்றால அருவியில் திடீரென்று பெருகிய வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. அவன் உயிருடன் மீட்கப்படவில்லை. அந்த மே மாதம் பருவமழை இன்னும் தொடங்கவில்லை. கோடை மழையே அதற்குப் போதுமானதாக இருந்தது.

நிறம் மாறுதல், இலையும் சுள்ளியும் மிதந்து வருதல், ஓசை கனத்தல், மண் வாடை எழுதல் — இவற்றுள் ஒன்று தோன்றினும் பொருள்களை எடுக்க நில்லாமல் உடனே கரையின் மேட்டுக்கு ஏறவேண்டும். ஆற்றின் போக்கிலே கீழ்நோக்கி ஓடுதல் பயன் தராது. வெள்ளம் நம்மைவிட விரைந்து வரும். மறுகரையில் நம்மவர் இருந்தாலும் நீர் வடியும் வரை அவரவர் கரையிலேயே இருத்தல் வேண்டும். அருவியில் காவலர் குளிக்கத் தடை விதிக்கும்பொழுது, "வானம் வெளுத்திருக்கிறதே, ஏன் இந்தத் தடை?" என்று வாதிடுவோரைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்கள் பார்ப்பது தம் தலைக்கு மேலுள்ள வானத்தை. காவலருக்குச் செய்தி வருவதோ மலையுச்சியிலிருந்து.

அன்று தேனருவிக்கு நாங்கள் போகவில்லை. பாறை முகட்டில் தேனடைகள் தொங்க நீர் விழும் அந்த இடத்தை மாணவர்கள் பெரியவரின் வாய்மொழியாகவே கேட்டறிந்தனர். இன்றும் வனத்துறையின் அனுமதியின்றி அவ்வழியே ஏறுதல் கூடாது. அவ்விதியில் எனக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு மணி நேரம் கரை மேட்டில் காத்திருந்தோம். வெள்ளம் எவ்வளவு விரைவாக வந்ததோ அவ்வளவு விரைவாக வடியவில்லை. பிறகு ஆற்றைக் கடக்கவேண்டிய வழியை விட்டு, காட்டின் உட்புறமாகப் பெரியவர் எங்களை இறக்கினார். அந்தச் செந்நீர் எங்களுக்கு முன்பே இறங்கித் தென்காசியைக் கடந்து, அணைக்கட்டுகள் பலவற்றில் தங்கி, வயல்களுக்கும் குளங்களுக்கும் பங்கு கொடுத்து, எஞ்சியது சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் சேரப் போய்க்கொண்டிருந்தது.