நிறம் மாறும் புள்ளி

கண்ணு, நேற்று நீ கேட்டாயே ஒரு கேள்வி: "டீயில நல்ல சத்து இருக்குன்னு சொல்றாங்களே மாமா, அதைக் கண்ணால பார்க்க முடியுமா?" கெட்டிக்காரப் பிள்ளைதான் இப்படிக் கேட்கும். பார்க்க முடியும். உங்கள் நல்லூர்ப் பக்கத்துச் சூளையிலிருந்தே தொடங்கலாம், வா.

ஒரே களிமண்ணில் சிவப்புப் பானையும் வருகிறது, கறுப்புப் பானையும் வருகிறது. எப்படி? சூளைக்குள் காற்று தாராளமாகப் போனால், மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு சிவக்கும். வாயை மூடிப் புகையை உள்ளேயே அடைத்தால், இரும்பிடமிருந்த ஆக்சிஜன் பறிபோகும். கரியும் ஏறும். பானை கறுக்கும். ஆக்சிஜன் வந்தால் ஒரு நிறம், போனால் இன்னொரு நிறம். புரிந்ததா? இதை மட்டும் மனதில் முடிந்து வைத்துக்கொள்.

நறுக்கி வைத்த ஆப்பிள் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். அதுவும் ஆக்சிஜன் செய்யும் வேலைதான். எலுமிச்சைச் சாறு தடவிப் பார், சீக்கிரம் பழுப்பாகாது. சாற்றின் புளிப்பு அதற்கு உதவுகிறது. அதிலுள்ள வைட்டமின் சி, பழத்துக்கு முன்னால் தானே போய் ஆக்சிஜனிடம் மாட்டிக்கொள்கிறது. தம்பிக்கு விழ வேண்டிய அடியை அண்ணன் வாங்கிக்கொள்வது போல! இந்த அண்ணன்களுக்குத்தான் ஆன்டி-ஆக்சிடன்ட் என்று பெயர். டீயிலும் நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இவர்கள் நிறைய உண்டு.

சரி, இவர்களை எப்படிப் பார்ப்பது? அமெரிக்காவில் கிளார்க்சன் பல்கலைக்கழகத்தில் சில்வானா ஆண்ட்ரீஸ்கு என்ற அம்மையாரின் குழு ஒரு வழி கண்டது. சீரியம் ஆக்சைடு என்பது ஒரு பீங்கான் பொருள். ஆமாம், உங்கள் ஊர்த் தொழிலின் உறவுக்காரன்! அதன் மிக மிக நுண்ணிய தூளைக் காகிதத்தில் சிறு புள்ளியாகப் படிய வைத்தார்கள். வெளிர் மஞ்சள் புள்ளி. அதில் ஒரு சொட்டு டீ விட்டால் பழுப்பாகிவிடும். அண்ணன்கள் சீரியத்திடமிருந்து ஆக்சிஜனைப் பறித்து, அதன் மேலேயே ஒட்டிக்கொள்வதால் வரும் நிறம் அது. நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு ஆன்டி-ஆக்சிடன்ட். 2013-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் எது தெரியுமா? சீரியம் நம் தமிழ்நாட்டு மணலிலேயே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் மோனசைட் மணலைச் சொல்கிறேன். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு அதைத் தேடி வந்தார். திருவிழாவில் எரியுமே பெட்ரோமாக்ஸ், அதன் மேன்டிலிலும் துளி சீரியம் உண்டு.

உன்னிடம் அந்தச் சீரியம் புள்ளிக் காகிதம் இல்லையே என்று வருந்தாதே. காயத்துக்குப் போடும் பழுப்பு அயோடின் மருந்தை அரை டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடு. பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ இருக்கட்டும். இதைக் குடிக்கவே கூடாது. இப்போது எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கு. பழுப்பு மறைந்துவிடும்! எத்தனை சொட்டில் மறைந்தது? எண்ணிக் குறித்துக்கொள். அடுத்து கொய்யாச் சாறு, நெல்லிக்காய்ச் சாறு, உங்கள் பக்கத்து முந்திரிப் பழச் சாறு. ஒவ்வொன்றுக்கும் புது டம்ளர், அதே அளவு தண்ணீர், அதே ஒரு சொட்டு மருந்து. குறைந்த சொட்டில் நிறத்தைப் போக்குவதில்தான் வைட்டமின் சி அதிகம்.

எது ஜெயித்தது என்று எனக்கு எழுது, கண்ணு.