மாதிரிக் கப்பலில் சங்கு ஒலிக்கச் செய்தல்

1898-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து மாடிஸன் ஸ்குவேர் கார்டன் மண்டபத்திலே நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் தொட்டி நீரில் சிறு படகொன்றை மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு யாதுமின்றி, எட்ட நின்றவாறே அதனைச் செலுத்திக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் மாதம் 8-ஆம் நாள் அமெரிக்க அரசாங்கம் அதற்கு 613,809 என்னும் எண்ணுள்ள பேடண்டு உரிமை வழங்கிற்று. அன்று காண்போர் மருளும் வித்தையாயிருந்த அது, இன்று மாணாக்கரும் ஓய்வுபெற்ற பெரியோரும் குளக்கரையில் நின்று பொழுதுபோக்கும் எளிய விளையாட்டாயிற்று. இக்காலத்து மாதிரிக் கப்பலில் சுக்கானும் விசிறியும் மட்டுமன்றி, ஒலி எழுப்பும் சிறு பெட்டியொன்றும் வைக்கப்படுகின்றது. சங்கு, மணி, நங்கூரச் சங்கிலியின் அரவம் முதலிய ஒலிகள் அதனுள் பதிந்துள்ளன. கரையில் நிற்பவன் தான் விரும்பும் ஒலியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இங்கு நாம் ஆராயப்புகும் பொருள்.

சந்தையில் விற்கும் ட்ரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவை ஆகாய விமானங்களைக் கருதிச் செய்யப்பட்டவை. அவற்றில் இரண்டு கோல்களும், இரண்டொரு திருகு குமிழ்களும், சில சுவிட்சுகளும் இருக்கும். பத்து ஒலிகளில் ஒன்றைத் தேர்வதற்குக் குமிழை உத்தேசமாகத் திருப்பினால், சங்கை நாடியவனுக்கு மணியே கிட்டும். ஆதலின் அக்குமிழை அகற்றிவிட்டு, அதனிடத்தில் 'டக் டக்'கென்று நின்று நின்று திரும்பும் சுழல் சுவிட்சு ஒன்றை அமைத்தல் நலம். புதிய கருவி வாங்கும் செலவை நோக்க இதற்காகும் பொருள் மிகச் சொற்பம். எனினும் நல்ல நிலையிலுள்ள கருவியைத் திறந்து கை வைக்கிறோம் என்பதை மறத்தலாகாது. ஒரு கம்பி இடம் மாறினும் கருவி முழுதும் பாழாதல் கூடும்.

முதற்கண் குமிழின் இயல்பை அறிதல் வேண்டும். குமிழின் கீழுள்ள பொட்டென்ஷியோமீட்டருக்கு மூன்று முனைகள் உண்டு. ஓர முனைகள் இரண்டிற்கும் இடையே 3.3 அல்லது 5 வோல்ட் அழுத்தம் நிற்கும். நடுமுனையோ, குமிழ் திரும்புந்தோறும் அவ்வழுத்தத்தில் ஒரு பங்கைப் பெற்று உள்ளிருக்கும் சிறு கணிப்பொறிக்கு அளிக்கும். அக்கணிப்பொறி இத்தனை வோல்ட் என்று கருதாது, முழுமையில் இத்தனை பங்கு என்றே கருதுகின்றமையால், பாட்டரி சற்றுத் தளர்ந்தாலும் கணக்குப் பிழைபடாது. இப்பங்கு வானொலி அலைவழியே கப்பலை அடைந்து, ஆங்குள்ள ரிஸீவரில் ஒரு மின்துடிப்பின் நீளமாக வெளிப்படும். குமிழ் ஒரு கோடியிலிருந்தால் 1.0 மில்லிஸெகண்டு, நடுவில் 1.5, மறுகோடியில் 2.0 என்பது பொது வழக்கு.

இனிச் சுவிட்சு. ஒரு துருவமும் பன்னிரண்டு நிலைகளும் உடைய சுழல் சுவிட்சு ரேடியோக் கடைகளிற் கிடைக்கும். பன்னிரண்டையும் பயன்படுத்த ஆசை எழும். ஆயினும் பதினொன்றே சிறந்ததென்பது நம் கருத்து. பதினொரு நிலைகளுக்கு ஆறாவது நிலை நட்டநடுவில் அமையும். அதனை மௌன நிலையாக வைத்துக்கொண்டால் இருபுறமும் ஐந்தைந்தாகப் பத்து ஒலிகள் எஞ்சும். பன்னிரண்டில் நடு என்பதே இல்லை. அச்சின் அடியிலுள்ள தடுப்பு வளையத்தை இடம் மாற்றி வைத்தால் சுவிட்சு பதினொன்றோடு நின்றுவிடும்.

அடுத்தடுத்த காதுகளுக்கிடையே ஒவ்வொன்றாக, ஒரே அளவுள்ள பத்து ரெஸிஸ்டர்களை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பழைய பொட்டென்ஷியோமீட்டர் 5,000 ஓம் ஆயின், 470 ஓம் வீதம் பத்து வைக்க 4,700 ஓம் ஆகும். இது போதிய நெருக்கம். அது 10,000 ஓம் ஆயின் ஒவ்வொன்றும் 1,000 ஓம். நூற்றுக்கு ஒரு பங்கு பிழையுள்ள ரெஸிஸ்டர்கள் மலிவாகவே கிடைப்பதால் அவற்றையே கொள்க. இவ்வேணியின் இரு கோடிகளும் ஓர முனைகளின் கம்பிகளோடு சேரும். சுவிட்சின் பொதுமுனை நடுமுனையின் கம்பிக்கு உரியது. இவ்வாறமைத்தால் ஒவ்வொரு படிக்கும் 0.1 மில்லிஸெகண்டு வேறுபாடு உண்டாகும். கோலுக்குரிய பொட்டென்ஷியோமீட்டரின் இடத்தில் இதனை வைத்தல் கூடாது. கோல் தன் முழுச் சுற்றில் ஒரு சிறு பகுதியே அசைவதால் அங்கே கணக்கு வேறு.

இதுவரை கூறியது எளிது. இடர் ஒன்று உண்டு. இரண்டாம் நிலையிலிருந்து ஏழாம் நிலைக்குத் திருப்புங்கால், இடையிலுள்ள நிலைகளையெல்லாம் சுவிட்சு தொட்டே செல்லும். ஒலிப்பெட்டி விரைவாகச் செவிசாய்ப்பதாயின் வேண்டாத ஒலிகள் புறப்படும். அன்றியும் சிலவகைச் சுவிட்சுகளில் ஒரு காதை விட்டு மறுகாதைத் தொடுமுன் பொதுமுனை அந்தரத்தில் நிற்கும். அவ்வேளையில் கணிப்பொறி எதனைப் படிக்கும் என்று சொல்லவியலாது. இவ்விரண்டிற்கும் ஓர் அழுத்து பொத்தான் மருந்தாகின்றது. இருபக்கம் மாறும் பொத்தானாக அது இருத்தல் வேண்டும். அழுத்தாத நிலையில் தொடும் முனையை ஏணியின் ஆறாவது காதிலும், அழுத்தியபோது தொடும் முனையைச் சுவிட்சின் பொதுமுனையிலும் இணைத்து, பொத்தானின் பொதுமுனையை ட்ரான்ஸ்மிட்டருக்கு அனுப்புக. பொத்தானை அழுத்தும் வரை கப்பல் வாய் திறவாது. சுவிட்சை எப்படித் திருப்பினும் கேடில்லை. பொத்தான் மாறும் கணநேரத்தில் அழுத்தத்தை நிலைநிறுத்த, ட்ரான்ஸ்மிட்டருக்குச் செல்லும் அக்கம்பிக்கும் எதிர்முனைக்கும் நடுவே 0.1 மைக்ரோபாரட் மின்கொள்ளி ஒன்று போதும்.

பொத்தானிலிருந்து புறப்படும் கம்பியில் 1,000 ஓம் ரெஸிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்ப்பது நற்காப்பு. காரணம் யாதெனில், கம்பிகள் மாறி, நேர்முனையானது நடுக்கம்பியின் இடத்தில் சேர்ந்துவிட்டால், சுவிட்சு எதிர்முனைக் கோடியில் நின்று பொத்தானை அழுத்துங்கால் இரு முனைகளும் நேரே கூடிக் குறுக்குத்தொடர் உண்டாகும். அந்த 1,000 ஓம் இருப்பின் 3.3 வோல்ட்டுக்கு 3.3 மில்லியாம்பியரே ஓடும், கருவி பிழைக்கும். சில பைசா பெறும் இப்பொருளை வீண் என்று விடுவாரும் உளர்.

வேலை தொடங்குமுன் பாட்டரியைக் கழற்றிவிடுக. ஏணியை மட்டும் மல்டிமீட்டரால் அளந்தால் 4,700 ஓம் காட்டவேண்டும். 4,230 காட்டினால் எங்கோ ஓர் ஈயத்துளி இரு காதுகளை இணைத்து ஒரு ரெஸிஸ்டரை ஊமையாக்கிவிட்டது. ஒன்றுமே ஓடாவிடில் ஓரிணைப்பு விட்டிருக்கிறது. பின்னர்க் கருவியை மூடி, கப்பலின் விசிறி எதனையும் தொடாதபடி தூக்கி வைத்து, திரையில் அச்சானலின் எண்ணைக் காண்க. பொத்தானை அழுத்தியவாறே சுழற்ற, -100, -80, -60 என்று இருபது இருபதாக ஏறி +100 வரை செல்லும். அழுத்தாதபோது சுழியம். சில கம்பெனிகளின் கருவிகளில் 100 என்பது மேற்சொன்ன மில்லிஸெகண்டுகளுக்குச் சற்றுக் குறைவாயிருக்கும்; அதற்கேற்ப எல்லைகளைத் திருத்திக்கொள்ளலாம். மலிவான ஒலிப்பெட்டிகள் சில மேல், நடு, கீழ் என்னும் மூன்றையே அறியும். அத்தகையதற்கு இவ்வளவு உழைப்பும் வீண், வாங்குமுன் கேட்டறிக.

எந்நிலைக்கு எவ்வொலி என்பது அவரவர் விருப்பம். ஆயினும் 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளைப் பின்பற்றினால் விளையாட்டிலும் ஒரு மெய்ம்மை உண்டாகும். அவ்விதிகளின்படி ஏறத்தாழ ஒரு விநாடி நீளும் குற்றொலி ஒன்று வலப்புறம் திரும்புவதையும், இரண்டு இடப்புறம் திரும்புவதையும், மூன்று பின்னோக்கி யந்திரம் இயங்குவதையும் உணர்த்தும். எதிரே வருபவன் கருத்து விளங்காதபோது ஐந்து குற்றொலிகளாவது விரைந்து ஊதவேண்டும். மூடுபனியில் மற்றொரு கலத்தை இழுத்துச் செல்லும் இழுவைக் கப்பல், நான்கு முதல் ஆறு விநாடி நீளும் நெட்டொலி ஒன்றும் குற்றொலி இரண்டும், இரண்டு நிமிஷங்களுக்கு மேற்படாத இடைவெளியில் எழுப்பும். இவ்வைந்தையும் 1 முதல் 5 வரை வைத்து, மணி, சங்கிலி முதலானவற்றை 7 முதல் அமைக்கலாம்.

இறுதியில் ரிஸீவரின் காப்பு நிலையைச் சரிப்படுத்துக. தொடர்பு அறுந்தால் யந்திரம் நிற்கும்படி முதலில் வைத்து, பிறகு ஒலிச் சானலைக் கவனிக்கவும். பலர் அதனை மௌனத்தில் வைப்பர். ஐந்து குற்றொலிகளின் நிலையில் வைப்பாரும் உண்டு. பிடி விட்டுப்போன கப்பல் தானே கூவித் தெரிவிக்குமாதலால், குளத்தில் வேறு படகுகள் ஓடும் நாளில் அதுவே மேல் எனத் தோன்றுகிறது.