பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுதல்: தடைகளும் பரிகாரங்களும்

கண்மாயில் நீர் நிறைந்திருந்தும் கடைமடை வயலுக்கு வந்து சேரவில்லையென்றால், நமது விவசாயி கண்மாயைக் குறைகூறி அமர்ந்துவிடுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மடையிலிருந்து புறப்படுகிறார். மடை திறந்திருக்கிறதா, வாய்க்காலில் உடைப்பு உண்டா, கிளை வாய்க்காலில் புல் மண்டியிருக்கிறதா என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்து வருகிறார். நீர் எதுவரை வந்தது, எங்கே நின்றது என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கண்மாய்களை நம்பி வாழும் புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு இதனை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதே முறை கணினிக்கும் பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதன் அவசியம்

நமது மாநிலத்தில் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன்வழி கிராமத்து வீடுகள் பலவற்றில் மடிக்கணினி புகுந்தது. படித்த பிள்ளை வேலைக்குச் சென்ற பின்னர், அது பரண்மேல் உறங்குவதையும் காண்கிறோம். விண்டோஸ் 7 இயங்குதளத்திற்கு 2020-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாளோடும், விண்டோஸ் 10-க்கு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடும் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறுவதில்லை. எனவே, உடல் நன்றாயிருந்தும் கணினி கழிவுப் பொருளாகிவிடுகிறது.

இதற்கு ஒரு மாற்று லினக்ஸ் ஆகும். பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய பணி இது. விதைநெல்லை எடுத்துவைத்து அண்டை வீட்டாருடன் பகிர்ந்துகொள்வதைப்போல, லினக்ஸை எவரும் படியெடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இது நமக்குப் புதியதும் அன்று. சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்ந்தே இருந்தது. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலும் லினக்ஸே பயன்பட்டு வருகிறது.

முதற்கண் செய்ய வேண்டியது

அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் கண்டதை இங்குக் குறிப்பிடுதல் தகும். ஒரு விவசாயியின் வீட்டில், உறவினர் இளைஞர் ஒருவர் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவ முற்பட்டார். வட்டு முழுவதையும் அழித்து நிறுவலாமா என்று திரையில் கேள்வி வந்தது. அவர் விசையை அழுத்தப் போகும் தறுவாயில், வீட்டுப் பெரியவர், "தம்பி, பாப்பாவோட சர்டிபிகேட்டெல்லாம் அதுலதான் இருக்கு, பட்டாவை ஸ்கேன் பண்ணதும் அதுலதான்" என்றார். கை நின்றது. ஒரு நொடி தாமதித்திருந்தால் யாவும் போயிருக்கும்.

ஆகவே, சான்றிதழ்கள், நிழற்படங்கள், கணக்குகள் ஆகியவற்றை வேறொரு பென் டிரைவிலோ வெளிவட்டிலோ படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று மற்றொரு கணினியில் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருப்பின், அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதி வைக்கவேண்டும். பழைய மடிக்கணினியின் பேட்டரி பெரும்பாலும் மின்சாரத்தைத் தாங்காது. நடுவில் மின்சாரம் நின்றால் வேலை கெடும். மின்தடை அறிவித்துள்ள நாளைத் தவிர்க்க. ஊராட்சி அலுவலகக் கணினியாயின், உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றித் தொடுதல் கூடாது.

முதல் மடை: இறக்கிய கோப்பு

லினக்ஸை ஒரே பெருங்கோப்பாக இணையத்திலிருந்து இறக்குகிறோம். கைப்பேசி இணைப்பில் இறக்கும்பொழுது அது குறைபட்டுப் போதல் உண்டு. வெளியிட்டோர் தரும் ஷா-256 என்னும் சரிபார்ப்பு எண்ணை, நம்மிடம் உள்ள கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். ஓர் எழுத்து மாறினும் மீண்டும் இறக்க வேண்டியதே.

கணினிக்கு ஏற்ற பதிப்பைத் தேர்ந்தெடுப்பதும் இங்கேயே ஆகவேண்டும். லினக்ஸ் மின்ட் பதிப்பிற்குக் குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் வேண்டும், 4 ஜி.பி. இருத்தல் நலம். நினைவகம் குறைந்த கணினிக்கு லுபுண்டு, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ முதலிய இலகுவான பதிப்புகள் ஏற்றவை. மிகப் பழைய 32 பிட் கணினியில் 64 பிட் பதிப்பு இயங்காது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் 32 பிட் நிறுவி இல்லை. அத்தகைய கணினிக்கு டெபியன் 12-ஐக் கொள்ளலாம்.

இரண்டாம் மடை: பென் டிரைவ்

பலர் இடறும் இடம் இதுவே. இறக்கிய கோப்பைப் பாட்டுக் கோப்பைப்போல் பென் டிரைவில் படியெடுத்து வைத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருளைக் கொண்டு அதனை எழுதவேண்டும். 8 ஜி.பி. பென் டிரைவ் பெரும்பாலும் போதுமானது. அதில் முன்பிருந்தவை அழிந்துபோகும் என்பதை நினைவில் கொள்க. ரூஃபஸில் ஒரு முறையில் எழுதியது தொடங்கவில்லையென்றால், டிடி என்னும் மற்றொரு முறையில் எழுதிப் பார்க்கலாம். வேறு துளையில் செருகிப் பார்ப்பதும், வேறொரு பென் டிரைவைக் கொண்டு சோதிப்பதும் செலவற்ற பரிகாரங்கள்.

மூன்றாம் மடை: தொடக்கம்

பென் டிரைவைச் செருகியும் விண்டோஸே வருகிறதென்றால், எங்கிருந்து தொடங்குவது என்பதை நாம் கணினிக்குச் சொல்லவில்லை என்பதே பொருள். மின்சாரம் கொடுத்தவுடன் எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் ஆகிய விசைகளுள் ஒன்று தொடக்கப் பட்டியலைக் காட்டும். இது நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். சில ஏசர் கணினிகளில், எஃப் 2 அழுத்தி அமைப்புப் பக்கத்திற்குச் சென்று எஃப் 12 பட்டியலை முதலில் இயக்கிவைக்க வேண்டும்.

2012-க்குப் பிற்பட்ட கணினிகள் பலவற்றில் செக்யூர் பூட் என்னும் காவல் உண்டு. உபுண்டு, டெபியன் முதலியவற்றிற்கு அது வழிவிடும். வழிவிடாத பதிப்புகளுக்காக அமைப்புப் பக்கத்தில் அதனை நிறுத்தலாம். விண்டோஸையும் வைத்துக்கொள்வோர், அதிலுள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதை முன்கூட்டியே நிறுத்திவிடுவது அவசியம். இன்றேல் விண்டோஸ் முழுவதும் அணையாது. அதன் பகுதியை லினக்ஸ் எழுதத் திறக்க மறுக்கும்.

நான்காம் மடை: இருண்ட திரை

பட்டியல் வந்தபின் திரை கறுத்து நின்றுவிடுமாயின், குறை பெரும்பாலும் திரைப்படச் சில்லைப் பற்றியது. பட்டியலில் ஈ விசையை அழுத்துக. லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, என், ஓ, எம், ஓ, டி, ஈ, எஸ், ஈ, டி ஆகிய ஒன்பது ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்து எழுதி, எஃப் 10 விசையை அழுத்துக. திரை ஒளிபெறுதல் பெரும்பாலும் உறுதி.

திரை வந்தவுடன் நிறுவத் தொடங்க வேண்டா. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, விசைப்பலகை ஆகியவை வேலை செய்கின்றனவா என்று அரைமணி நேரம் சோதித்தல் நலம். வட்டில் எதுவும் மாறாது.

ஐந்தாம் மடை: வட்டு

நிறுவியின் கண்ணுக்கு வட்டே தென்படவில்லையென்றால், அமைப்புப் பக்கத்தில் வட்டு ரெய்டு முறையில் வைக்கப்பட்டிருக்கலாம். அதனை ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினால் வட்டு தெரியும். ஆயின், முன்னேற்பாடின்றி மாற்றினால் பழைய விண்டோஸ் தொடங்காமற் போகலாம். விண்டோஸ் வேண்டுவோர் அறிந்தவர் துணையின்றி இதில் கைவைத்தல் ஆகாது.

எழுதும்பொழுது பிழைச்செய்தி வந்து நின்றால், பென் டிரைவை மாற்றிப் பார்த்த பின் வட்டையே ஐயுறலாம். பென் டிரைவில் ஓடும் லினக்ஸின் டிஸ்க்ஸ் என்னும் கருவி, வட்டின் நலத்தைக் காட்டும். பழுதடைந்த வட்டிற்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தினால், பழைய கணினியும் வேகம் பெறும்.

நீர் வயலுக்கு வந்தபின்

நிறுவிய பிறகும் விண்டோஸ் மட்டுமே வருமாயின், அமைப்புப் பக்கத்தில் தொடக்க வரிசையை மாற்றி லினக்ஸை முதலில் வைக்கவேண்டும். வைஃபை இயங்காவிட்டால், கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பெற்று, தேவையான இயக்கியை இறக்கலாம். இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்போர்க்கு விண்டோஸில் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பிசகிக் காட்டும். லினக்ஸ் உலகப் பொதுநேரத்தையும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் கணினிக் கடிகாரத்தில் வைத்துக்கொள்வதே இதன் காரணம். கணினி பழுதென்று அஞ்ச வேண்டியதில்லை. லினக்ஸில் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால், லிபர் ஆபீஸில் மனுக்களைத் தமிழிலேயே எழுதலாம்.

ஊருக்கு ஒருவர்

மேற்கூறியவற்றை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று கேட்கும் பழக்கமே தேவை. திரையில் வந்த சொற்களைக் கைப்பேசியால் படமெடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, செய்ததைக் குறித்துவைத்தால் எத்தடையும் பிடிபடும்.

1991-ஆம் ஆண்டையொட்டி, அறிவொளி இயக்கத்தின் வழியே எழுத்தோடு சைக்கிளும் கற்றனர் இம்மாவட்டத்துப் பெண்கள் பல்லாயிரவர். அன்று ஒருவர் கற்று மற்றவருக்குக் கற்பித்தார். அதுபோல ஊருக்கு ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இவ்வேலையைக் கற்று, சரியாக எழுதப்பட்ட ஒரு பென் டிரைவைப் பொதுவில் வைத்திருப்பாராயின், பரண்மேல் உறங்கும் மடிக்கணினிகள் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு மீண்டும் வரும். மடையைத் திறக்கக் கற்றவர்க்கு இதுவும் கைவரும் என்பதில் நமக்கு ஐயமில்லை.