தோண்டாமல் நஞ்சைத் தேடும் கருவிகள்

உப்பளப் பாத்தியில் நிற்கும் உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். பக்கத்திலேயே காய்ந்து கிடக்கும் மேட்டு மணல் கடத்தாது. மரக்காணம் உப்பளத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் மண்ணுக்குள் மறைந்த நச்சுக் கழிவையும் தேடுகிறார்கள்.

நேராகத் தோண்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் கழிவை அடைத்துப் புதைத்த டிரம்மைத் துளைக்கருவி கிழித்துவிட்டால், நாம் போட்ட துளையே நஞ்சு நிலத்தடி நீருக்கு இறங்கும் வழியாகிவிடும்.

மின்தடை ஆய்வில் நான்கு உலோக முளைகளை ஒரே கோட்டில் அடிப்பார்கள். வெளி முளைகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் முளைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். முளைகளைத் தள்ளித் தள்ளி நட்டால் மேலும் ஆழத்தின் நிலை தெரியவரும். எடுத்துக்காட்டாக, ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. மழையில் கரைந்து அது நிலத்தடி நீரில் கலந்தது. ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் அந்த மாசை ஆராய்ந்தார்கள். கரைந்த உப்புகள் நீரின் மின்தடையைக் குறைப்பதால், இத்தகைய கசிவு பரவும் வழியை இம்முறை காட்டிக்கொடுக்கும்.

மரக்காணம் போன்ற கடற்கரையில் இம்முறையே தடுமாறும். கடலின் உப்பும் கழிவின் உப்பும் மின்சாரத்துக்கு ஒன்றுதான். தரை ஊடுருவும் ரேடாரின் அலைகளையும் உப்பு ஈரம் மேலேயே விழுங்கிவிடும்.

அங்கே கைகொடுப்பது காந்தமானி. காந்தப்புலத்தை உப்பு மறைக்காது. தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. அதில் ஒரு நானோடெஸ்லா மாறினாலும் கருவி காட்டும். இரும்பு டிரம் புதைந்த இடத்தில் அளவு மாறும். காந்த நடுக்கோடு நமக்கு அருகில் இருப்பதால் இங்கே புலம் ஏறக்குறைய கிடையாகப் படுத்திருக்கிறது. ஆகவே, குளிர்நாடுகளில் அளவு கூடி மேடாகத் தெரியும் டிரம், நம் வரைபடத்தில் பெரும்பாலும் அளவு குறைந்து பள்ளமாகத் தெரியும். இதை அறியாதவர் இடம் தவறித் தோண்டுவார். பிளாஸ்டிக் கேனோ காந்தமானிக்குத் தெரியவே தெரியாது.

எங்கே என்று கருவி சொல்லும். என்ன நஞ்சு என்று மண்ணையும் நீரையும் சோதிக்கும் ஆய்வகம்தான் சொல்லும். எனவே சந்தேகமுள்ள நிலத்தில் வீடோ ஆழ்துளைக் கிணறோ போடுமுன் இந்த ஆய்வைக் கேட்டுப் பெறுங்கள். ஒரே கருவியை நம்பாமல், அந்த மண்ணுக்கு ஏற்றவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.