மெதுவாக ஓட்டுவதற்கென்றே ஒரு வண்டி

இருசக்கர வாகன உரிமம் வாங்கப் போகிறவர்களைக் கலங்க வைப்பது ஆர்.டி.ஓ. மைதானத்து எட்டுதான். நெடுஞ்சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அலட்டிக்கொள்ளாமல் பறப்பவரும் அந்த வளைவில் காலை ஊன்றிவிட்டு அசடு வழிவதுண்டு. அதே எட்டைச் சமதளத்திலிருந்து பெயர்த்தெடுத்து, பாசி படிந்த பாறை, ஓடை, மரவேர், செங்குத்தான கரை ஆகியவற்றின் மேல் போட்டால் டிரையல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் விளையாட்டு கிடைத்துவிடும். இதில் யார் முதலில் வருகிறார் என்பது பேச்சே இல்லை. நாடா கட்டிப் பிரித்த ஒவ்வொரு தடையிலும் ஒரு கண்காணிப்பாளர் நின்று, ஓட்டுநரின் கால் தரையில் படுகிறதா என்று பார்ப்பார். ஒருமுறை ஊன்றினால் ஒரு புள்ளி, இருமுறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. வண்டி விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ ஐந்து. புள்ளி குறைந்தவரே வெற்றியாளர். பார்ப்பவர்களுக்கு இது உடம்பை வளைக்கும் வித்தையாகத் தோன்றும். ஆனால் ஓட்டும் திறமை ஒரு கணக்கு, வண்டிப் பராமரிப்பு வேறொரு கணக்கு என்று இந்த விளையாட்டில் பிரிக்க முடியாது. ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவர் இதில் பாதி ஓட்டுநர்தான்.

காரணம் வேகமின்மை. ஓடும் மோட்டார் சைக்கிள் தன்னைத்தானே ஓரளவு நிமிர்த்திக்கொள்ளும். சுழலும் சக்கரங்களும் முன் ஃபோர்க்கின் சாய்வும் சேர்ந்து அந்த உதவியைச் செய்கின்றன. வேகம் கூடக் கூட உதவியும் கூடும். ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கினால் அது ஏறத்தாழ இல்லாமலே போய்விடும். சாலையில் செல்லும்போது ஹேண்டில் பேரிங் லேசாக இறுகியிருந்தாலும், கிளட்ச் கொஞ்சம் ஒட்டிப் பிடித்தாலும், டயரில் காற்று சற்றுக் கூடக் குறைய இருந்தாலும் அந்த வேகமே எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். வேகம் இல்லாத இடத்தில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. வண்டியின் ஒவ்வொரு குறையும் நேராக ஓட்டுநரின் காலுக்கு வந்து சேரும், கால் தரையைத் தொடும், புள்ளி ஏறும்.

இந்த வேலைக்கென்று செதுக்கிய வண்டியும் விசித்திரமாகத்தான் இருக்கும். சீட் கிடையாது, ஏனென்றால் யாரும் உட்காரப் போவதில்லை. பெட்ரோல் டேங்க் இரண்டு மூன்று லிட்டர் பிடித்தால் அதிகம். ஹேண்டிலை இருபுறமும் வெகுதூரம் திருப்பலாம். இன்ஜினுக்கு அடியில் ஓர் அலுமினியத் தகடு. பாறையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறுவதற்கு. எடை எழுபது கிலோ அளவில் நிற்கும். நம் புல்லட் 350 190 கிலோவைத் தாண்டும் என்பதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். டிரையல்ஸில் வண்டியும் ஆளும் ஏறக்குறைய ஒரே எடை. ஓட்டுநர் இடுப்பை ஒரு சாண் நகர்த்தினால் மொத்த எடைமையமும் கூடவே நகரும். அதனால்தான் நின்றபடி ஓட்டுகிறார்கள். முழங்கால் மடங்கி, முழங்கை விரிந்து, எடை முழுவதும் ஃபுட்ரெஸ்ட்டில் இறங்கியிருக்கும். ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குகிறவர் வண்டியை ஓட்டவில்லை, வண்டிதான் அவரை இழுத்துக்கொண்டு போகிறது.

முதலில் டயரைப் பார்க்கலாம். என் வாதத்துக்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. சாதாரண பைக்கில் 30 பி.எஸ்.ஐ. அளவில் காற்று வைக்கிறோம். டிரையல்ஸ் வண்டியின் பின் டயரில் நான்கு அல்லது ஐந்துதான். முன்னால் அதைவிட ஒன்று கூடுதலாக இருக்கலாம். கையால் அமுக்கினால் அமுங்கும் அளவு. பஞ்சர் ஆகிவிட்டதோ என்றே பலரும் நினைப்பார்கள். அந்த மென்மையில்தான் டயர் பாறையின் முனையை உள்வாங்கிச் சுற்றிப் பிடிக்கிறது. இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். முப்பதில் ஒன்று பிசகினால் மூன்று சதவீதம். நான்கில் ஒன்று பிசகினால் இருபத்தைந்து சதவீதம். அந்த ஒரு பி.எஸ்.ஐ. கூடினால் ஈரப்பாறையில் சக்கரம் வழுக்கிச் சுழலும். குறைந்தால் ரிம் பாறையில் இடித்து நசுங்கும். பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கும் மீட்டரை நம்பி இதைச் செய்ய முடியாது, 15 பி.எஸ்.ஐ. வரை மட்டுமே காட்டும் தனி மீட்டர் வேண்டும். காலைக் குளிரில் பார்த்த அளவு உச்சிவெயிலில் மாறியிருக்கும் என்பதால் திரும்பவும் பார்க்க வேண்டும். இத்தனை குறைந்த காற்றில் டியூப் போட்டால் டயர் ரிம்மின் மேல் நழுவி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். அதனால் பின்பக்கம் டியூப் இல்லாத டயர். ஸ்போக் வைத்த ரிம்மில் டியூப் இல்லாமல் காற்றை நிறுத்துவதற்குச் சில வண்டிகளில் ரிம்மின் உட்புறம் ரப்பர் பட்டை உண்டு. அது கிழிந்தாலோ அதன் அடியில் மண் புகுந்தாலோ காற்று ஓசையில்லாமல் கசியும். ஆக, டயரைக் கழற்றி மாட்டும்போது ரிம்மை எவ்வளவு சுத்தமாகத் துடைத்தோம் என்பது அடுத்த வாரம் பாறையில் ஏறும்போது தெரியவரும்.

அடுத்தது கிளட்ச். சாலையில் அது கியர் மாற்றும் கருவி. இங்கே ஆக்சிலேட்டரைவிட முக்கியமான கட்டுப்பாடு. ஓட்டுநரின் ஒரு விரல் எப்போதும் கிளட்ச் லீவரின் மேல் இருக்கும், இன்னொரு கையின் ஒரு விரல் பிரேக்கின் மேல். ஒரு பெரிய கல்லின் மேல் வண்டியைத் தாவ வைக்கும்போது, உடம்பை அழுத்தி ஸ்பிரிங்கைச் சுருக்கி, அது திரும்ப எழும் கணத்தில் கிளட்சை விடுவார்கள். சற்று முந்தினாலோ பிந்தினாலோ தாவல் கெட்டுவிடும். ஆகவே கிளட்ச் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடித்தாக வேண்டும். அது கியர்பாக்ஸ் ஆயிலில் இருக்கிறது. ஆயில் அளவு பெரும்பாலான வண்டிகளில் அரை லிட்டருக்கு மேல் போகாது. நாள் முழுக்க உரசித் தேயும் கிளட்ச் தட்டுகளின் துகள் எல்லாம் அந்தச் சிறிய அளவு ஆயிலில்தான் சேரும். ஆயில் வகையை மாற்றினாலே பிடிக்கும் தன்மை மாறிவிடும் என்பதால், தங்கள் வண்டிக்கு எது ஒத்துவருகிறது என்பதில் ஓட்டுநர்கள் பிடிவாதக்காரர்கள்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் ஐடிலிங்கும் இதே கதைதான். ரேஸ் பைக்குக்கு ஐடிலிங் ஒரு பொருட்டே அல்ல. டிரையல்ஸ் ஓட்டுநர் தன் பொழுதின் பெரும்பகுதியைக் கழிப்பது அதை ஒட்டித்தான். ஏர் ஃபில்டர் ஸ்பான்ஜைக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஆயில் தடவி, விளிம்பு சரியாகப் பொருந்தும்படி வைக்க வேண்டும். தூசியும் தண்ணீரும் அந்த வழியாக உள்ளே போனால் பிஸ்டன் தேயும். கார்புரேட்டருக்குப் பின்னால் எங்காவது வெளிக்காற்று கசிந்து நுழைந்தாலோ, ஆக்சிலேட்டரை மூடிய பிறகும் இன்ஜின் இறங்காமல் இழுத்துக்கொண்டே நிற்கும். பாறை விளிம்பில் நிற்கும்போது அப்படி ஒரு நொடி இழுத்தால் போதும். பெட்ரோலில் கலக்கும் ஆயிலிலும் தாராளம் கூடாது. குறைந்த சுழற்சியிலேயே ஓடும் இன்ஜின் அதை முழுதும் எரிக்காது; மிச்சம் சைலன்சரில் தங்கி இன்ஜினின் துடிப்பை மந்தமாக்கிவிடும்.

மற்றவை பொறுமை கேட்கும் வேலைகள். பின் ஷாக் அப்சார்பரைத் தாங்கும் இணைப்புத் தண்டுகள் வண்டியின் அடிவயிற்றில் இருப்பதால் ஒவ்வொரு ஓடையிலும் குளிக்கும். கிரீஸ் கரைந்தால் பேரிங் துருப்பிடிக்கும். புது வண்டியையே பிரித்து, கிரீஸ் வைத்துவிட்டு ஓட்டத் தொடங்குவோர் பலர். பிரஷர் வாஷரைப் பேரிங்குக்கு நேராகப் பிடித்துக் கழுவுவது பராமரிப்பே அல்ல, கேடு. செயினுக்கு அடிக்கும் ஆயில் பிரேக் டிஸ்க்கில் தெறித்தாலும் அப்படியே. இன்னொரு வேடிக்கை: கிளட்ச், பிரேக் லீவர்களை ஹேண்டிலில் இறுக முடுக்கக் கூடாது. விழும்போது லீவர் உடையாமல் சுழன்று கொடுக்கும் அளவுக்கே முடுக்க வேண்டும். எங்கே இறுக்குவது, எங்கே விட்டுப்பிடிப்பது என்று தெரிவதற்கு விழுந்த அனுபவமும் வேண்டும். இந்த வண்டியைப் பராமரிக்கும் வேலையை முழுக்க மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஸ்பெயினின் டோனி பௌ 2007 முதல் வெளியரங்கிலும் உள்ளரங்கிலும் உலகப் பட்டத்தை ஆண்டுதோறும் வென்று வந்திருக்கிறார். போட்டியாளர்களின் வண்டிகளும் மேலானவைதான். அப்படியானால் எல்லாம் திறமைதானே? உச்சிக்குப் போனால் உண்மைதான். அங்கே எல்லோர் வண்டியையும் ஒரு குழுவே பார்த்துக்கொள்கிறது. வண்டிகளின் நிலை சமமாகிவிட்ட இடத்தில் எஞ்சும் வித்தியாசம் ஆள் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை கிளப் போட்டிக்கு வருகிறவர்களிடம் அந்தச் சமன் இல்லை. வண்டியின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் சமனாகாத இடத்தைத்தான் பார்க்க வேண்டும். வரலாற்றில் அதற்கு நல்ல சான்று சாமி மில்லர். வட அயர்லாந்துக்காரரான இவர் 500 சி.சி. ஏரியல் வண்டியை ஆண்டுக்கணக்கில் தன் கையாலேயே இழைத்து எடை குறைத்து, பிரிட்டனில் அசைக்க முடியாதவராக இருந்தார். 1964-இல் ஸ்பெயினின் புல்டாகோ நிறுவனத்துக்குப் போய் ஷெர்ப்பா டி என்ற இலகுவான டூ-ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்க உதவி, அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை அதில் வென்றார். கனத்த பிரிட்டிஷ் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் அதோடு சரிந்தது. 1975-இல் தொடங்கிய உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் ஐந்து பட்டங்களும் புல்டாகோவுக்கே போயின, மூன்று வெவ்வேறு ஓட்டுநர்களின் கையில். ஒரே ஓட்டுநரின் திறமையைக் கொண்டு இதை விளக்கிவிட முடியாது.

அந்த ஸ்காட்லாந்துப் போட்டியின் விதிகளே என் பக்கம் பேசுகின்றன. 1909-இல் தொடங்கிய போட்டி அது. ஃபோர்ட் வில்லியம் ஊரைச் சுற்றி, பென் நெவிஸ் மலையடிவாரம் உட்பட, நாளொன்றுக்கு முப்பது தடைகள். இரவில் வண்டிகளைப் பூட்டிவைத்துவிடுவார்கள். டயர் மாற்றுவதோ பேரிங் மாற்றுவதோ ஓட்டுவதற்கு ஒதுக்கிய நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். ஆறு நாளும் தாங்கும்படி ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் ஒரே கடிகாரத்தில்.

இதெல்லாம் வசதி படைத்த ஐரோப்பியர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று கேட்கலாம். பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை. ஆனால் தெருவில் ஓடும் வண்டிகளும் இதில் சோதிக்கப்பட்டவையே. 1948 வரை டிரையல்ஸ் வண்டிக்குப் பின்பக்கம் ஸ்பிரிங் கூடாது, சக்கரம் பிடிமானம் இழக்கும் என்பதே நிபுணர்களின் முடிவு. அந்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு, பின் சக்கரத்தை ஸ்பிரிங்குடன் சுவிங் ஆர்மில் தாங்கிய புல்லட்டை டிரையல்ஸில் இறக்கியது. சிரித்தவர்கள் பின்னால் அதையே பின்பற்றினார்கள். 1952-இல் ஜானி பிரிட்டன் ராயல் என்ஃபீல்டில் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றார். 1955 முதல் சென்னையின் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தில் உருவாகி, திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த புல்லட், குண்டும் குழியுமான சாலைகளைத் தாங்கியதில் அந்தப் பாறைகளுக்கும் பங்குண்டு.

கடைசியாக, மின்சார வண்டி வந்தால் கார்புரேட்டர், பிஸ்டன், ஆயில் எல்லாம் போய்விடுமே, பராமரிப்பு எங்கே மிஞ்சும் என்ற கேள்வி. கார்புரேட்டர் போகும், சந்தேகமில்லை. டயரும் பேரிங்கும் பிரேக்கும் போகாது. அதைவிடச் சுவையான விஷயம் கிளட்ச். மோட்டாருக்குக் கியரும் கிளட்சும் தேவையில்லை என்பதே மின்சார வண்டியின் பெருமை. ஆனாலும் யமஹா தன் டி.ஒய்-இ என்ற மின்சார டிரையல்ஸ் வண்டியில் கிளட்சையும் ஃப்ளைவீலையும் வைத்தது. பிரான்சின் எலெக்ட்ரிக் மோஷன் நிறுவனமும் தன் போட்டி வண்டியில் கிளட்ச் வைத்தது. சுழலும் கனத்தில் சேர்த்துவைத்த ஆற்றலை, வேண்டிய நொடியில் ஒரு விரலால் விடுவிக்கும் வேலைக்கு ஆக்சிலேட்டர் மட்டும் போதவில்லை. தட்டு இருந்தால் தேயும். தேய்ந்தால் பிரிக்க வேண்டும்.