உஷார்! அந்தக் கேசட்டை டெக்கில் போட்டுவிடாதீர்கள்!

பழைய சாமான் கடையிலிருந்து வீடியோ கேசட் வாங்கி வந்திருக்கிறீர்களா? டெக் (வி.சி.ஆர்.) பக்கமே போகாதீர்கள். தனியாக ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டு முதலில் இதைப் படியுங்கள்.

டீ, பஜ்ஜி காசுக்குக் கிடைத்திருக்கும். லேபிளில் பாதி அழிந்த கையெழுத்து இருக்கும். உள்ளே என்னவோ என்று மனசு துடிக்கும். அந்தத் துடிப்பில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

விசித்திரமான கேசட் சேர்ப்பது இப்போது பிள்ளைகளுக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவில் நிக் ப்ரூயர், ஜோ பிக்கெட் என்று இரண்டு பேர். 1991-இல் மெக்டொனால்ட்ஸ் கடை ஒன்றில் ஊழியர்களுக்குப் போட்டுக் காட்டும் பயிற்சிக் கேசட் ஒன்று கிடைத்தது. அதில் ஆரம்பித்து, 2004 முதல் இந்த மாதிரிக் கேசட்டுகளை மேடை போட்டுக் காட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். அதையெல்லாம் போனில் பார்த்துவிட்டு இங்கேயும் கிளம்பிவிடுகிறார்கள். ஹைதராபாத் பக்கம் எங்கள் பட்டான்செருவில் பஸ் ஏறினால் அதே மும்பை ரோட்டில் எர்ரகட்டா. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் உடைந்த ரேடியோ முதல் ஓடாத டி.வி. வரை தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். யாரோ வீட்டுக் காதுகுத்து, எப்போதோ மூடிய கம்பெனியின் விளம்பரம், தூர்தர்ஷனில் ஓடியபோது பிடித்து வைத்த ‘ஒளியும் ஒலியும்’ என்று எதுவும் கிடைக்கலாம்.

எதுவும் என்றால் எதுவும்தான். நல்லதும் கெட்டதும்.

எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், பாவம். பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி வேலை, பீரம்குடாவில் ரூம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். ஊரிலிருந்து அப்பாவின் பழைய டெக்கையும், அப்பா அம்மாவின் கல்யாணக் கேசட்டையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். ஒரு நாள் ஒரு காயலான் கடையில் சாக்கு நிறையக் கேசட். லேபிளே இல்லாத ஒன்றைத் துடைத்தான், போட்டான். இரண்டு நிமிஷம் படம் வந்தது. அப்புறம் வெறும் புள்ளி. சரி, கேசட்தான் பாழ் என்று அதை எடுத்துவிட்டுக் கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறான்.

அங்கேதான் தப்பு.

டெக் டேப்பை இழுத்து மென்று துப்பியது. தாலி கட்டும் இடம் வரைக்கும் கசங்கிவிட்டது. மிச்சம் இருந்த பகுதியின் ஓரத்தில் கொஞ்ச நாளில் வெள்ளை பூத்தது. “ஆன்ட்டி, அம்மாகிட்ட என்ன சொல்லுவேன்?” என்று வந்து நின்றான். நான் என்ன சொல்ல?

நடந்தது இதுதான். முதல் கேசட்டில் பூஞ்சை. மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் அரை அங்குல அகலத்தில் சுமார் 258 மீட்டர் டேப் சுற்றியிருக்கிறது. ஓடும்போது அத்தனையும் டெக்கின் ரோலர்களையும் வீடியோ ஹெட்டையும் தொட்டுக்கொண்டுதான் போகும். ஹெட் பொருத்திய அந்த உருளை நம் நாட்டு டெக்குகளில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத தூசி போதும், படம் மறைந்துவிடும். பூஞ்சைத் தூள் அங்கே ஒட்டியது என்றால் அடுத்து போடும் கேசட்டுக்கும் போகும், அதற்கடுத்ததற்கும் போகும். ஒரு சொட்டு உறைமோர் ஒரு குண்டான் பாலை என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டெக் போனால் போகட்டும், புதிது வாங்கலாம் என்கிறீர்களா? எங்கே வாங்குவீர்கள்? கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இப்போது இருப்பதெல்லாம் அடிபட்ட பழசு.

அதனால், வாங்கும்போதே பாருங்கள். செல்போன் டார்ச் போதும். கேசட்டின் மேலே கண்ணாடி மாதிரி ஜன்னல் இருக்கும். அதன் வழியே வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். டேப் சுருள் வழவழவென்று ஒரே கறுப்பாகத் தெரிய வேண்டும். வெள்ளைப் புள்ளி, சாம்பல் பூசின மாதிரி வட்டம், பஞ்சு போல ஏதாவது தெரிந்தால் அப்படியே வைத்துவிட்டு நகருங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பக்கவாட்டில் சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் முன்மூடி திறக்கும். டேப் மடங்கியிருக்கிறதா, ஓரம் அலையலையாக இருக்கிறதா பாருங்கள். முகர்ந்து பார்க்காதீர்கள்! மழைக்காலத்துத் துணி அலமாரி வாடை தூரத்திலேயே அடித்தால் அதுவே போதுமான எச்சரிக்கை. சீல் பிரிக்காத கேசட் என்று நம்பவும் வேண்டாம். ஈரத்துக்குச் சீல் ஒரு தடையே இல்லை.

இன்னொன்று. டேப்பின் மேல் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பசை. வருஷக்கணக்கில் ஈரம் குடித்தால் அது இளகிவிடும். ஓடும்போது கீச்சென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். கடைசி வரைக்கும் பார்த்துவிடலாம் என்று ஓட்டினால் படமே உரிந்து வரும்.

ஈரம் குடித்த கேசட்டை வத்தல் மாதிரி மொட்டை மாடியில் வெயிலில் காயப்போடாதீர்கள். ஓவனில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். ஆவணக் காப்பகங்களில் அளந்து அளந்து சூடு கொடுத்து அப்படி ஒரு வைத்தியம் செய்வது உண்டு, அதுவும் தற்காலிகம்தான். நம் சமையலறை ஓவனில் கேசட்டே உருகிவிடும்.

ஆஸ்துமா இருப்பவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீடு: பூஞ்சைக் கேசட் வாசலைத் தாண்டக் கூடாது. தும்மல், இழுப்பு, கண் எரிச்சல் என்று ஆரம்பிக்கும். படுக்கையறையில் உட்கார்ந்து துணியால் துடைப்பதை விட மோசமான யோசனை கிடையாது. ஆகாது என்று தெரிந்ததும் குப்பையோடு கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். பட்டான்செரு–பொல்லாரம் 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடும் மாசுப் பட்டியலில் ஏறிய இடம். நம் பங்குக்கும் புகை போட வேண்டாமே.

சரி, சுத்தமான கேசட். ஓடுகிறது. அப்போதாவது நிம்மதியா?

இல்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

அது ஒரு குடும்பத்தின் கேசட்டாக இருக்கலாம். சீமந்தம், மஞ்சள் நீராட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவது. அந்தப் பெண் இன்றைக்கு யாருக்கோ பாட்டி. சிரிப்பாக இருக்கிறதே என்று இன்டர்நெட்டில் ஏற்றிவிடாதீர்கள். உங்கள் வீட்டு விசேஷத்தை முகம் தெரியாத ஒருவன் ஏற்றினால் சும்மா இருப்பீர்களா? சினிமாப் படம் என்றால் காப்புரிமை. 1985-இல் வெளிவந்த படத்துக்கு 2045 முடியும் வரை உரிமையாளர் இருக்கிறார்.

பயப்பட வேண்டியது இதற்கும் மேலே இருக்கிறது. லேபிள் இல்லாத கேசட்டில் ஆபாசம் இருப்பது அதிசயமில்லை. அதில் குழந்தைகள் சம்பந்தப்பட்டிருந்தால் விளையாட்டே இல்லை. சென்னை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23-ஆம் தேதி தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட காட்சியை அழிக்காமல், புகாரும் கொடுக்காமல் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தலாம். “சந்தையில் வாங்கியது சார்” என்று ஸ்டேஷனில் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலைமை வேண்டுமா? உடனே நிறுத்துங்கள். காப்பி எடுக்காதீர்கள். “இதைப் பாரேன்” என்று நண்பனுக்குக் காட்டவே காட்டாதீர்கள். நேராகப் போலீஸில் சொல்லுங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

காசு பறிபோகும் வழியும் ஒன்று உண்டு. 2022-இல் அமெரிக்காவில் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தின் சீல் பிரிக்காத கேசட் ஒன்று 75,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைக் காட்டித்தான் இங்கே ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிறார்கள். அந்தக் கேசட், படத்தில் நடித்த டாம் வில்சன் வீட்டிலிருந்து வந்தது. உங்கள் கையில் இருப்பது எந்த வீட்டிலிருந்து வந்தது? பழைய டி.வி., ரேடியோவுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, லட்சம் பெறும் என்று சொல்லித் திரிந்தவர்களும் இதே ரகம்தான். ஒரு பைசா முன்பணம் கொடுக்காதீர்கள்.

அப்போ எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா? ஐயோ, அது இன்னொரு ஆபத்து! சன் டி.வி. 1993-இல் வருவதற்கு முன்னால், 1990-இல் கலாநிதி மாறன் ‘பூமாலை’ என்று தமிழில் ஒரு வீடியோ பத்திரிகை நடத்தினார். மாதாமாதம் கேசட்டில் செய்தி வரும். இங்கிலீஷில் 1988-லேயே ‘நியூஸ்ட்ராக்’ வந்தது. அவற்றில் ஒன்று இந்தக் குப்பைக்குள் கிடக்கலாம். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் நீங்களே போட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சை துடைக்கத் தெரிந்த, டேப் டிஜிட்டலாக்கும் ஆளிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் கேசட்டின் முதுகுப்பக்க மூலையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். அது இருந்தால் கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதும் பழசு அழிந்து போகும்.

டெக்கைத் திறந்து நானே ஹெட் துடைக்கிறேன் என்று ஸ்குரூ டிரைவரோடு உட்காராதீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

சந்தையில் டெக்கே வாங்குவதானால், கடைக்காரர் “ஓடும்மா, சூப்பரா ஓடும்” என்பார். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் போனால் போகட்டும் என்கிற ஒரு சினிமாக் கேசட்டைக் கையில் கொண்டுபோங்கள். வீட்டுக் கேசட்டைக் கொடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லாதீர்கள்.