ஆமோஸ் பார்த்த மரக்கால்

பக்தி இல்லாதவர்களைத்தான் தீர்க்கதரிசிகள் திட்டினார்கள் என்று நினைத்திருந்தேன். ஆமோஸ் 8-ஆம் அதிகாரத்தை நிதானமா படிச்சா கதை வேற. யூதாவின் தெக்கோவா ஊர்க்காரரான இந்த ஆட்டுக்காரர், வடக்கே இஸ்ரவேலில் திட்டிய தானிய வியாபாரிகள் ஓய்வுநாளில் கடையை ஒழுங்காக மூடியவர்கள்! மூடிவிட்டு, எப்போ திறக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

திறந்ததும் மரக்காலைச் (எபிரெயத்தில் எப்பா) சிறிதாக்கி, சேக்கல் எடைக்கல்லைப் பெரிதாக்கினார்கள். எடைக்கல்லை ஏன் பெரிதாக்கணும்? எனக்கு ரொம்ப நாள் புரியல. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் அங்கே நாணயம் கிடையாது. வெள்ளியை எடைபோட்டுத்தான் விலை கொடுப்பார்கள். ஆக, ஏழை கொடுத்த வெள்ளி அதிகம், வாங்கிய கோதுமை குறைவு. ஒரே வியாபாரத்தில் இரண்டு திருட்டு. போதாததற்குக் கோதுமையில் பதர்.

4-ஆம் அதிகாரத்தில் தண்டனைகள்: பஞ்சம், வறட்சி, பயிர்நோய், வெட்டுக்கிளி, கொள்ளைநோய். இவ்வளவு நடந்தும் திரும்பி வரவில்லையே என்று கடவுள் ஐந்து முறை ஆதங்கப்படுகிறார். அடித்தது திரும்பி வரவைக்கத்தான். சரி, ஆனா பஞ்சம் வந்தால் முதலில் பட்டினி கிடப்பது ஏமாந்த அந்த ஏழைதானே? இந்த அதிகாரத்தில் இதற்குப் பதில் இல்லை.

6-ஆம் அதிகாரத்தில் கொஞ்சம் இருக்கிறது. தந்தக் கட்டிலில் சாய்ந்து கிடப்பவர்கள்தான் முதலில் சிறைப்பட்டுப் போவார்கள் என்கிறார். சுமார் கி.மு. 722-இல் தலைநகர் சமாரியா அசீரியரிடம் விழுந்தது. 20-ஆம் நூற்றாண்டில் அங்கே தோண்டியபோது, செதுக்கிய தந்தத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன.